நாணை இறக்கினாயா?

அரிசி டின்னுக்கும் தையல் மிஷினுக்கும் இந்தப் பகுதியில் குறிப்பு எழுதியிருக்கிறேன். வில்லுக்கும் எழுதுவேன் என்று நினைத்ததில்லை. எழுத வைத்தவள் பாப்பிரெட்டிப்பட்டியில் இருக்கும் என் நாத்தனாரின் மகள். பத்தாவது படிக்கிறாள், பள்ளிக்கூடத்தில் மூங்கில் வில் பழகுகிறாள்.

போன மாதம் அங்கே போயிருந்தேன். சேர்வராயன் மலையடிவாரம் என்று பெயர்தான். வெயில் கூடத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது. அந்த வெயிலில், ஜன்னலோரமாக, நாண் ஏற்றியபடியே வில் சாத்தியிருந்தது. அவளுடைய தம்பி, பத்து வயது வால், அதைத் தூக்கி அம்பில்லாமலே இழுத்து விட்டான். 'படார்' என்று ஒரு சத்தம். வில்லின் மேல் பாதி பிளந்து, ஒரு சிலாம்பு அவன் புருவத்தைக் கீறிக்கொண்டு போயிற்று. ஒரு விரற்கடை கீழே பட்டிருந்தால்? நினைக்கவே வயிற்றைக் கலக்குகிறது.

போட்டிக்குப் பத்து நாள்தான் இருந்தது. பெண் அழவில்லை, பிளந்த வில்லை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு என்று அப்போதே சொன்னேன்!" என்று நாத்தனார் ஆரம்பித்தாள். "அண்ணி, குற்றம் வில்லின் மேல் இல்லை, வைத்திருந்த விதத்தின் மேல்" என்றேன். (தருமபுரிப் பக்கத்து நடுகற்களில் வில்லும் வாளுமாக நிற்கும் வீரர்களைக் காட்டி ஊர்ப் பெருமை பேசுகிறவளும் இதே அண்ணிதான்!)

விஷயம் இதுதான். இழுத்த வில்லில் சேரும் பலத்தை அம்புதான் வாங்கிக்கொண்டு பறக்கிறது. அம்பு இல்லாவிட்டால் அத்தனை பலமும் வில்லுக்கே திரும்புகிறது. விளையாட்டுக்குக்கூட வெறும் நாணை இழுத்து விடக்கூடாது. நிக்கோபார்த் தீவுக்காரர்கள் வேட்டைக்கு வைத்திருந்த குறுக்குவில்லானாலும், இன்றைக்குப் பந்தயத்தில் பிடிக்கும் உயர்ந்த வில்லானாலும் இதே கதைதான். குறுக்குவில்லில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். அதில் நாணை இழுத்து மாட்டிவிட்டால், விசையைத் தொடும்வரை பலம் முழுவதும் உள்ளேயே காத்திருக்கும். மாட்டியபடி ஒரு நிமிஷம்கூட அதைக் கீழே வைக்கலாகாது.

பழகி முடிந்ததும் முதல் வேலை நாணை இறக்குவது. இறக்காமல் விட்டால் மூங்கில் வளைந்த வளைவிலேயே நின்றுவிடும். அம்பு பாதி தூரத்தில் சோர்ந்து விழும். மறுபடி ஏற்றும்போது வில்லை எதிர்ப்பக்கமாக வளைத்துவிடாதீர்கள், முறிந்து போகும். ஏற்றியவுடன் முழுசாக இழுக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து தடவை இழுத்துப் பழக்குங்கள்.

மூலையில் நிறுத்தி வைக்காமல், சுவரில் இரண்டு முளை அடித்துப் படுக்க வையுங்கள். வெயில் படும் சுவர் வேண்டாம்; ஈரத் தரையும் வேண்டாம். உளு விழாது என்று அடுப்புக்கு மேலே செருகுகிறவர்கள் உண்டு. உளு விழாதது வாஸ்தவம். ஆனால் மூங்கில் காய்ந்து நொறுங்கும். அதைவிட, மாதம் ஒருமுறை ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு லேசாகத் தடவித் துடைத்துவிடுங்கள். வில்லுக்குக் கீழே மாவு மாதிரித் தூள் கொட்டியிருந்தால் உளு புகுந்துவிட்டது என்று அர்த்தம்.

நமக்குக் கைவந்த சோதனை ஒன்று சொல்கிறேன். ஒரு துளிப் பஞ்சை எடுத்து வில்லின் நீளத்துக்கு மெல்ல இழுத்துக்கொண்டு போங்கள். கண்ணுக்குத் தெரியாத பிளவிலும் பஞ்சு சிக்கும். சிக்கினால் அந்த வில்லை இழுக்கக்கூடாது. பசை தடவி நூல் சுற்றிச் சமாளிக்கலாம் என்பது, விரிந்த கண்ணாடி டம்ளரில் வெந்நீர் ஊற்றுகிற கதை. அம்பின் தண்டையும் இப்படியே பாருங்கள். நாணில் பொருத்தும் பிளவில் கீறல் இருந்தால் தூக்கி எறியுங்கள்.

நாண் பிசிர்விட்டிருந்தால் தேன்மெழுகு பூசி, விரலால் சூடேறத் தேய்க்கவேண்டும். ஓர் இழை அறுந்திருந்தாலும் மாற்றிவிட வேண்டியதுதான். நாண் முன்கையில் சுளீரென்று அடிக்கிறதென்றால், பெரும்பாலும் முழங்கை உள்ளே மடங்கியிருக்கும். இல்லாவிட்டால் நாண் நீண்டு தொய்ந்திருக்கும். இறக்கி நாலு முறுக்குக் கூட்டி ஏற்றினால் சரியாகும்.

ராஞ்சிப் பக்கத்துத் தீபிகா குமாரியும் மூங்கில் வில்லில் ஆரம்பித்தவர்தான். 2010-இல் டில்லி காமன்வெல்த் போட்டியில் இரண்டு தங்கம் வாங்கியபோது அவருக்கு வயது பதினாறு. இதைச் சொன்னதும் நாத்தனார் பதில் பேசவில்லை. சாயங்காலம் புது வில்லுக்கு என்ன ஆகும் என்று மட்டும் கேட்டாள்.

எங்கள் பெண் போட்டியில் நாலாவதாக வந்தாள். தினமும் இருட்டினதும் பஞ்சும் கையுமாக வில்லின் பக்கத்தில் உட்காருவது யார் என்கிறீர்கள்? புருவத்தில் தழும்போடு அந்த வால்தான். "அக்கா, நாணை இறக்கினாயா?" என்று அவன் கேட்பது தெருக்கோடி வரைக்கும் கேட்கிறதாம்.