குண்டின் கனம்

சென்ற வாரம் ஒன்பதாம் வகுப்புப் பையன்களுக்கு ஜிம் கார்பெட்டின் கதையைச் சொல்லிக் கொண்டிருந்தேன். இமயமலைச் சாரலில், குமாவுன் பிரதேசத்துச் சம்பாவத் என்னும் ஊரருகே, 1907-ஆம் ஆண்டில் அவர் ஒரு பெண் புலியைச் சுட்டு வீழ்த்தினார். நேபாளத்திலும் குமாவுனிலுமாக அது கொன்ற மனிதர்களின் தொகை 436 என்று கணக்கு. அந்தச் செயலுக்காக ஐக்கிய மாகாணத்தின் லெப்டினென்ட் கவர்னர் ஸர் ஜான் ஹூயட், லண்டன் ரிக்பி கம்பெனியார் செய்த .275 ரைபிள் ஒன்றைக் கார்பெட்டுக்குப் பரிசளித்தார்.

கதை இந்த இடத்துக்கு வந்ததும் கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"ஸார், .275 என்றால் கால் அங்குலத்துக்குக் கொஞ்சம்தானே அதிகம்? என் பென்சில் பருமன்கூட இருக்காது போலிருக்கிறதே! அதனால் புலி சாகுமா?"

கேள்வி நியாயமானது. மணி அடித்துவிட்டபடியால் அன்று பதில் சொல்ல முடியவில்லை. அதை இங்கே சொல்கிறேன். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு நம் தேசத்தில் வேட்டை என்னும் பொழுதுபோக்குக்கு இடமில்லை; இருக்கவும் வேண்டாம். ஆயினும் இந்தக் கேள்வியில் பௌதிக சாஸ்திரமும் இருக்கிறது, தர்ம சாஸ்திரமும் இருக்கிறது.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பற்றும் பொட்டு, உள்ளே மருந்து, வாயில் பொருத்திய குண்டு, இவை யாவும் சேர்ந்தது தோட்டா. பறந்து போய்த் தாக்குவது குண்டு மட்டுமே. ஒரே தோட்டாவுக்கு இலேசான குண்டும் உண்டு, கனமான குண்டும் உண்டு. குண்டை நிறுக்கும் அளவுக்குக் கிரெயின் என்று பெயர். அது நம் தட்டான் தராசில் வைக்கும் குன்றிமணியில் ஏறக்குறையப் பாதி. பழைய வெள்ளி ரூபாயின் எடை சரியாக 180 கிரெயின்.

கார்பெட்டின் ரைபிளுக்குரிய தோட்டா ஜெர்மனியில் மௌஸர் கம்பெனியார் 1892-ஆம் ஆண்டுவாக்கில் உண்டாக்கிய 7 மில்லிமீட்டர் தோட்டாவேதான். பெயரில் .275 என்று இருந்தாலும் குண்டின் உண்மையான விட்டம் .284 அங்குலம். ஆகவே பையனின் பென்சில் உவமை மிகவும் பொருத்தம். ஆதியில் அதற்கு இட்ட குண்டு 173 கிரெயின், அதாவது ஒரு ரூபாய் எடைக்குச் சற்றுக் குறைவு. பின்னால் ரிக்பி கம்பெனியார் கூர்முனையுள்ள 140 கிரெயின் குண்டை வழக்கத்துக்குக் கொண்டு வந்தார்கள். இது முக்கால் ரூபாய் எடைக்குச் சற்று அதிகம்.

இவ்விரண்டில் எது மேல்?

இலேசான குண்டு வினாடிக்குச் சுமார் 2,700 அடி வேகத்தில் கிளம்பும். கனமானது சுமார் 2,300 அடி வேகத்தில் கிளம்பும். சக்தி என்பது வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்வது. ஆகையால் சக்திக் கணக்கில் இலேசான குண்டு முந்துகிறது. எடையையும் வேகத்தையும் பெருக்கினால் வரும் உந்தத்தில் கனமான குண்டு சற்று முந்துகிறது. காகிதத்தில் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் விலங்கின் உடம்பு காகிதம் அல்ல. தோலையும் தசையையும் எலும்பையும் கடந்து இருதயத்தையோ நுரையீரலையோ குண்டு சென்று அடைய வேண்டும்.

ஒரு சேர் இரும்பைத் தோசைக்கல்லாகவும் அடிக்கலாம், கடப்பாரையாகவும் அடிக்கலாம். எது மண்ணில் இறங்கும்? எடை எவ்வளவு என்பதைவிட, அந்த எடை எவ்வளவு குறுகிய முகத்தின் பின்னால் நிற்கிறது என்பதே முக்கியம். குண்டின் எடையைப் பவுண்டில் குறித்து, அங்குலத்தில் குறித்த விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால் இதற்கு ஓர் எண் கிடைக்கும். 140 கிரெயின் குண்டுக்கு அந்த எண் 0.25, 173 கிரெயின் குண்டுக்கு 0.31. பெங்களூரில் வாழ்ந்து நம் சேலம், தர்மபுரிக் காடுகளில் அலைந்த கென்னத் ஆண்டர்ஸன் .405 வின்செஸ்டர் ரைபிளை விரும்பி வைத்திருந்தார். அதன் குண்டு 300 கிரெயின். கையில் எடுத்தால் பென்சில் குண்டைப்போல் ஏறக்குறைய இரண்டு பங்கு கனக்கும். ஆனால் அதன் விட்டமும் பெரிது. ஆகையால் வகுத்துப் பார்த்தால் வருவது 0.25 தான்! கனமான குண்டு என்று விஷயம் அறிந்தவர்கள் சொல்வது தன் பருமனுக்குக் கனமான குண்டைத்தான்.

உலகத்தில் எந்த லாபமும் இனாமாக வருவதில்லை. நிதானமாகச் செல்லும் குண்டு இலக்கை அடையும் நேரத்துக்குள் பூமி அதை அதிகமாக இழுத்துவிடுகிறது. காற்றின் தடையை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டாலும், 200 கஜ தூரத்தில் இலேசான குண்டு ஒன்பதரை அங்குலம் தாழும். கனமானது 13 அங்குலம் தாழும். பள்ளத்தாக்கின் எதிர்ச் சரிவில் நிற்கும் மலையாட்டைக் குறி வைப்பவனுக்கு இந்த மூன்றரை அங்குலம் அற்பமல்ல. மேலும், கனம் கூடினால் குண்டின் நீளமும் கூடும். நீண்ட குண்டு தலைகுப்புறப் புரளாமல் செல்ல வேண்டுமானால் பம்பரம்போல் வேகமாகச் சுழல வேண்டும். அதற்காகவே குழலின் உட்புறத்தில் திருகுவரிகள் வெட்டியிருக்கிறார்கள். மௌஸர் 7 மில்லிமீட்டர் குழலில் சுமார் 22 சென்டிமீட்டருக்கு ஒரு முழுச் சுற்று. நீண்ட குண்டுக்கு இது பொருத்தம். சுற்று மந்தமான வேறு குழலில் அதே குண்டைப் போட்டால் அது பக்கவாட்டில் சாய்ந்து போய் அட்டையில் நீள்வட்டத் துளை இடும். கடையில் உள்ளவற்றுள் மிகக் கனமானதை வாங்கி வருபவன் முதலில் தன் குழலின் சுற்றைக் கேட்டறிய வேண்டும்.

கனத்தோடு கட்டுமானமும் பார்க்க வேண்டும். முழுவதும் உலோக உறை போர்த்திய குண்டு விரியாமல் ஊடுருவும். ஸ்காட்லாந்துக்காரர் பெல் ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றார். அவற்றுள் பெரும்பாலானவை இந்த 7 மில்லிமீட்டர் தோட்டாவின் உறை போர்த்திய கனக்குண்டுக்கு இரையானவை. நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. ஆனால் அவர் யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து, மூளை இருக்கும் இடத்தை மனப்பாடம் செய்தவர். அந்த ஞானம் இல்லாமல் அவருடைய துப்பாக்கியை மட்டும் பின்பற்றுவது அபாயம். பிற்காலத்தில் பல ஆப்பிரிக்க தேசங்கள் யானை போன்ற பெருவிலங்குகளுக்கு .375 அங்குலத்துக்குக் குறைந்த துப்பாக்கிகளைச் சட்டத்தால் விலக்கின. மானுக்கும் புலிக்கும் முனையில் ஈயம் வெளித்தெரியும் மென்முனைக் குண்டே ஏற்றது. அது உள்ளே விரிந்து விரைவில் உயிரைப் போக்கும். ஆனால் மென்முனைக் குண்டு இலேசாகவும் அதிவேகமாகவும் இருந்தால், தோள் எலும்பில் பட்டதும் அங்கேயே சிதறிவிடக் கூடும். அகன்ற புண் உண்டாகும், ஆழம் இராது. விலங்கு ஓடிவிடும்.

ஸ்வீடன் தேசத்தில் மூஸ் என்னும் பெரிய மானைச் சட்டப்படி வேட்டையாடுகிறார்கள். அந்நாட்டு விதிகள் நெடுங்காலம் ஒரு விசித்திரமான கணக்கு வைத்திருந்தன. குண்டு 9 கிராம் எடையானால் 100 மீட்டரில் அதற்கு 2,700 ஜூல் சக்தி இருக்க வேண்டும். 10 கிராம் ஆனால் 2,000 ஜூல் போதும்! ஒரு கிராம் கனத்துக்காக நான்கில் ஒரு பங்குக்கு மேல் தள்ளுபடி. அனுபவத்தை அப்படியே சட்டமாக எழுதிவிட்டார்கள். அதோடு நிற்கவில்லை. காயம்பட்ட மிருகத்தை மோப்பம் பிடிக்கும் நாய் இரண்டு மணி நேரத்துக்குள் வந்து சேரும்படி ஏற்பாடு செய்து கொண்டே மூஸ் வேட்டைக்குப் புறப்பட வேண்டும் என்றும் விதித்தார்கள்.

இப்போது இந்தக் கணக்கில் ஒரு புதுச் சிக்கல் சேர்ந்திருக்கிறது. ஈயத் துணுக்குகள் தங்கிய மாமிசத்தைத் தின்று கழுகினங்கள் மடிவதைக் கண்டு, கலிபோர்னியா ராஜ்யம் 2019 முதல் வேட்டையில் ஈயக் குண்டை அறவே தடுத்துவிட்டது. அங்கே செம்புக் குண்டுகள் வழங்குகின்றன. செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. ஆகவே ஒரே எடைக்குச் செம்புக் குண்டு அதிக நீளமாகும், அதிகச் சுழற்சி கேட்கும். ஆனால் அது சிதறாது. எடையை இழக்காமல் உள்ளே செல்லும். ஆகையால் ஈயத்தில் கனத்தை நாடியவர்கள் செம்பில் ஒரு படி இறங்கி வாங்குகிறார்கள்.

பையனுக்கு இவ்வளவும் சொன்னேன். "அப்படியானால் கனமான குண்டாக இருந்தால் தப்பவே தப்பாதா, ஸார்?" என்றான்.

தப்பும். குறி தவறினால் எந்தக் கனமும் உதவாது. சம்பாவத் புலி இறந்த பிறகு கார்பெட் அதன் வாயைத் திறந்து பார்த்தார். வலப் பக்கத்துக் கோரைப் பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. மேற்பல் பாதியாக, கீழ்ப்பல் எலும்புவரை. எப்போதோ பட்ட துப்பாக்கிக் காயம். இயற்கையான இரையைப் பிடிக்க முடியாமல் அது மனிதரைத் தேடி வந்ததற்கு அதுவே காரணம் என்று அவர் எழுதினார்.

அந்தக் குண்டைச் சுட்டவன் பெயர் சரித்திரத்தில் இல்லை. அன்றிரவு அவன் வீட்டுக்குப் போய், "புலி தப்பிவிட்டது" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருப்பான்.