மறைநூல் நிலவுரிமை ஆவணம் ஆகுமா?

இறைவன் எந்நாட்டிலும் நிலப்பதிவு அலுவலகம் வைத்து நடத்தியதில்லை. ஆயினும், அவன் எழுதிக் கொடுத்ததாகச் சொல்லப்படும் ஆவணத்தைக் காட்டி, யோர்தான் ஆற்றின் மேலைக்கரையில் பாலத்தீன உழவரின் நிலங்கள் பறிக்கப்பட்டு வருகின்றன.

எகிப்தின் ஆறு முதல் யூப்பிரடீசுப் பேராறு வரை ஆபிரகாமின் வழியினர்க்கே என்கின்றது யூதரின் தொடக்கநூல். எண்ணிக்கை நூலின் 34ஆம் இயல் வரையும் எல்லையோ, யூப்பிரடீசை எட்டாமலே யோர்தானை ஒட்டி இறங்கிவிடுகின்றது. ஒரே மறைக்குள் எல்லை இரண்டு! எதனை வைத்து நிலம் அளப்பது?

1967ஆம் ஆண்டுப் போரில் இசுரேல் மேலைக்கரையைக் கைப்பற்றியது. 1974இல் தோன்றிய 'கூசு எமுனிம்' (பற்றுறுதியாளர் அணி) அங்குக் குடியேறுதலை இறைக்கட்டளை என்றது. 1979இல் நாபுலசு நகரருகே எலோன் மோரே குடியிருப்புக்காகப் பறிக்கப்பட்ட நிலத்தின் உழவர், இசுரேலின் உச்ச முறைமன்றத்தை நாடினர். படைத்தேவைக்கே நிலம் எடுக்கப்பட்டதென்றது அரசு. குடியேறியோரோ, தம் உரிமை இறைவன் தந்தது என்று உறுதியுரையிலேயே எழுதினர். பறிப்புச் செல்லாதெனத் தீர்ந்தது, குடியிருப்பு அகன்றது. எனினும் அரசு, 'அரசு நிலம்' என அறிவித்துப் பறிக்கும் வேறொரு வாயிலைத் திறந்துகொண்டது. மறை முன்னே நடந்தது. படை பின்னே காத்தது.

அதே தொடக்கநூலின் 23ஆம் இயலை அவ்வணியினர் ஊன்றிப் படித்திருக்கலாம். மனைவி சாராள் மறைந்தபோது, எபிரோனில் ஆபிரகாம் தம்மை அயலார் என்றே கூறிக்கொள்கின்றார். மண்ணின் மக்கள்முன் தலைவணங்கி, 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தே மக்பேலா முழையை அடைகின்றார். இறைவன் உறுதிமொழி பெற்றவராகச் சொல்லப்படும் அவரே விலை கொடுத்துத்தான் மண் பெற்றார்!

அவ்வெபிரோனில் 1929இல் 67 யூதர் கொல்லப்பட்டனர். அன்று அரபியர் பலர் தம் இல்லங்களில் யூதரை மறைத்துக் காத்தனர். 1994இல் அம்முழையின் மேலுள்ள தொழுகையிடத்திலேயே, குடியேறிய யூதன் ஒருவன் 29 இசுலாமியரைச் சுட்டுக் கொன்றான். பாலத்தீனம் முழுவதும் இசுலாமிய அறக்கொடை நிலம் என 1988இல் அமாசு இயக்கமும் அறிவித்தது. இரு மறைகள் மோதினால் தீர்ப்புச் சொல்ல எந்த நடுவர் உளர்?

பேச்சு வழக்கற்றிருந்த எபிரேயத்தை மீண்டும் நாவில் நடமாடச் செய்த யூதரின் மொழிப்பற்று போற்றத்தக்கது. இட்லரின் கொடுமையில் அறுபது இலக்கம் பேரை இழந்த இனத்திற்கு நிலையானதோர் இருப்பிடம் வேண்டுமென்பதும் அறமே. ஆனால் அவ்வறம் மாந்தத் துயரில் பிறந்தது. 1948இல் ஏறத்தாழ ஏழு இலக்கம் பாலத்தீனர் வீடிழந்த துயரும் அதே துலையில் நிறுக்கத்தக்கதே.

மேலைக்கரையில் இசுரேலின் இருப்பு முறையற்றதென 2024இல் அனைத்துலக முறைமன்றம் கருத்துரைத்தது. மறையை மதிப்போர் மதிக்கட்டும், வழிபடுவோர் வழிபடட்டும். உழுது, விதைத்து, பிள்ளை பெற்று, முன்னோரைப் புதைத்த மக்களின் மண்ணை அளக்கும் கோலாக மட்டும் எம்மறையும் ஆகலாகாது!