அப்பா பேர்ல இருக்கற ஸ்விஃப்டுக்கு டர்போவா, சூப்பர்சார்ஜரா, நைட்ரஸா?

இந்தக் கேள்வி நம்ம டிபார்ட்மென்ட்ல வருஷா வருஷம் வரும். ஐசி என்ஜின்ஸ் பேப்பர் எழுதி முடிச்ச கையோட, வீட்டுல ஒரு பழைய ஸ்விஃப்டோ ஐ10-ஓ நிக்கற யாராவது ஒருத்தர் கேன்டீன்ல ஆரம்பிப்பாங்க: "மச்சி, இதுக்கு ஒரு டர்போ போட்டா எப்படி இருக்கும்?" பக்கத்துல இருக்கறவன் "லேக் அடிக்கும்டா, சூப்பர்சார்ஜர் போடு" என்பான். மூணாவது ஆள் ஃபாஸ்ட் அண்ட் ஃப்யூரியஸ் படத்தைப் பத்து தடவை பார்த்தவன். 2001-ல வந்த படம், நம்மள்ல பல பேர் அப்போ பிறக்கவே இல்லை. இருந்தாலும் அவனுக்கு நீலக் கலர் சிலிண்டரைத் தவிர வேற எதுவும் கண்ணுல படாது.

என் பதிலை இப்பவே சொல்லிடறேன். மூணுல, சின்ன காருக்குச் சரியானது டர்போதான். ஆனா அது கம்பெனியிலிருந்தே டர்போவோட வந்த காரா இருக்கணும். வெளியே வாங்கி மாட்டற கிட் எவ்வளவு நல்ல கிட்டா இருந்தாலும், தினமும் ரோட்ல ஓடற காருக்கு வேண்டாம். சூப்பர்சார்ஜர் மேல எனக்குத் தனிப் பாசம் உண்டு. ஆனா பாசம் வேற, கணக்கு வேற. நைட்ரஸ் நம்ம ஊருக்கே ஒத்துவராது. அதுக்கு நான் சொல்லப்போற காரணம் போலீஸ் இல்ல, தெர்மோடைனமிக்ஸ்.

கணக்குக்கு வருவோம். 1.2 லிட்டர் ஸ்விஃப்ட், 1197 சிசி. ஃபோர் ஸ்ட்ரோக்ங்கறதால ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதான் ஒவ்வொரு சிலிண்டரும் காத்தை இழுக்கும். 6000 ஆர்பிஎம்ல நிமிஷத்துக்கு ஏறக்குறைய 3600 லிட்டர். வால்யூமெட்ரிக் எஃபிஷியன்சி 85 சதவீதம்னு வெச்சா, 35 டிகிரி வெயில்ல அது மூன்றரை கிலோ காத்து. 12.5-க்கு 1-ங்கற கலவையில அதுக்குத் தேவை 280 கிராம் பெட்ரோல். அந்தப் பெட்ரோல்ல இருக்கற எனர்ஜியில 29 சதவீதம் கிராங்குக்கு வந்தா சுமார் 78 குதிரை. 2018 மாடல் ஸ்விஃப்டுக்கு கம்பெனி சொன்னது 83 பிஎஸ். கைக்கணக்குக்கு இது போதும். இதுல நீங்க மாத்தக்கூடியது ஒண்ணே ஒண்ணு, அந்த மூன்றரை கிலோவை. டர்போ, சூப்பர்சார்ஜர், நைட்ரஸ் மூணுமே அதைத்தான் செய்யுது. முதல் ரெண்டும் காத்தை அமுக்கி உள்ள தள்ளும். மூணாவது, ஆக்ஸிஜனைச் சிலிண்டர்லயே சுமந்துட்டு வரும்.

அமுக்கறதுல என்ன பிரச்சினைன்னா, அமுக்கினா சூடாகும். 7 பிஎஸ்ஐ பூஸ்ட், பிரஷர் ரேஷியோ 1.48. எல்லாரும் உடனே "48 சதவீதம் பவர் ஏறும்"னு சந்தோஷப்படுவாங்க. கம்ப்ரெஸர் எஃபிஷியன்சி 65 சதவீதம்னு போட்டுப் பாருங்க. 35 டிகிரியில உள்ள போன காத்து 90 டிகிரியில வெளிய வரும். சூடான காத்து லேசானது. உண்மையில உள்ள போற எடை 25 சதவீதம்தான் கூடியிருக்கும். இன்டர்கூலர் வெச்சு அதை 55-க்கு இறக்கினா 39 சதவீதம் வரும். அதாவது, உங்க கூடுதல் பவர்ல மூணுல ஒரு பங்கு டர்போ கொடுக்கறதில்ல, பம்பருக்குப் பின்னால இருக்கற ஒரு அலுமினியக் கூடு கொடுக்குது. வண்டலூர் சிக்னல்ல மே மாசம் பத்து நிமிஷம் நின்னா அந்தக் கூடும் சூடேறிடும். யூட்யூப்ல டைனோ ஷீட் காட்டறவங்க பெரும்பாலும் முன்னாடி ஒரு பெரிய ஃபேனை ஓட விட்டுட்டுத்தான் காட்டுவாங்க, கவனிச்சிருக்கீங்களா?

சூடான காத்து பவரைக் குறைக்கறதோட நின்னா பரவாயில்லை. நாக் வரும், அதுதான் வில்லன். நம்ம ஊர் டர்போ இல்லாத என்ஜின்கள்ல மைலேஜுக்காக கம்ப்ரெஷன் ரேஷியோவை 11, 12 வரைக்கும் ஏத்தி வெச்சிருக்காங்க. அதுக்கு மேல பூஸ்ட்டும் கொடுத்தா, ஸ்பார்க்கோட தீ வந்து சேர்றதுக்கு முன்னாடியே மூலையில இருக்கற கலவை தானா வெடிக்கும். பிஸ்டன்ல ரிங்குக்கு நடுவுல இருக்கற மெல்லிய பகுதி முதல்ல உடையும். ட்யூனர் என்ன செய்வார்? இக்னிஷன் டைமிங்கைத் தள்ளிப்போடுவார். நாக் போயிடும், ஆனா எக்ஸாஸ்ட் சூடு ஏறும். அந்தச் சூடு வால்வுக்கும் டர்பைனுக்கும் போகும். சரி, பெட்ரோலைக் கொஞ்சம் கூட ஊத்திக் குளிர வைக்கலாம்னா, ஸ்டாக் இன்ஜெக்டர் 83 பிஎஸ்ஸுக்கு அளந்து வெச்சது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அளவும் கூட வேணும். எத்தனால் நாக்குக்கு நல்லதுதான், அதை மறுக்கல. ஆனா ஏற்கெனவே மூச்சு வாங்கற இன்ஜெக்டர்கிட்ட இன்னும் கேக்கறோம். ஒரு இடத்துல அமுக்கினா இன்னொரு இடத்துல பிதுங்கும்.

கம்பெனி டர்போ கார்ல வேற என்ன இருக்குன்னு கேப்பீங்க. பார்க்க அதே சைஸ் என்ஜின்தான். ஆனா டிசைன் பண்ணும்போதே பிஸ்டன், வால்வு, கூலிங், கிளட்ச், கியர்பாக்ஸ் எல்லாத்தையும் அந்த டார்க்குக்காக யோசிச்சிருப்பாங்க. ஸ்விஃப்டோட 113 நியூட்டன் மீட்டர் டார்க் 4200 ஆர்பிஎம்ல வருது. டர்போ கிட் போட்டு 2500-லயே 170 கொடுத்தீங்கன்னா, முதல்ல கையைத் தூக்கறது கிளட்ச். அப்புறம் பிரேக். இந்தக் கார்களுக்குப் பின்னாடி டிரம் பிரேக்தான். கிட் விக்கறவர் இதையெல்லாம் விலையில சேர்க்க மாட்டார். அதனால கிட் விலையைக் கேக்காதீங்க. கிட், இன்ஜெக்டர், ஃப்யூல் பம்ப், ஈசியூ ட்யூனிங், கிளட்ச், பிரேக், அதுக்கப்புறம் ஒரு தடவை என்ஜின் பிரிச்சா ஆகற செலவு, இதை மொத்தமா கூட்டிக் கேளுங்க.

சூப்பர்சார்ஜர் பத்தி. எனக்கு இதைப் பிடிக்கும்னு சொன்னேன்ல, காரணம் மினி கூப்பர் எஸ். முதல் தலைமுறை பிஎம்டபிள்யூ மினி, ஆர்53-ன்னு சொல்வாங்க. 1.6 லிட்டர் என்ஜின் மேல ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர், 163 பிஎஸ். கிராங்கிலிருந்து பெல்ட்ல ஓடறதால ஆக்ஸிலரேட்டரை மிதிச்ச உடனே பதில். கூடவே அந்த ஊளைச் சத்தம். ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்க, அப்புறம் என்னைத் திட்ட மாட்டீங்க. நம்ம சிட்டி டிராஃபிக்குக்குத் தியரிப்படி இதுதான் பெஸ்ட். நாம பாதி நேரம் ஓட்டறதே 2000 ஆர்பிஎம்ல. 

ஆனா அடுத்த தலைமுறை கூப்பர் எஸ்ஸுக்கு அதே பிஎம்டபிள்யூ டர்போ போட்டாங்க. பவரும் ஏறுச்சு, 175 பிஎஸ். ஏன்னா சூப்பர்சார்ஜர் தன் சாப்பாட்டை உங்க கிராங்கிலிருந்தே எடுத்துக்கும். நம்ம ஸ்விஃப்ட் கணக்குலயே பார்த்தா 7 பிஎஸ்ஐக்கு ஏழெட்டு குதிரை அதுக்கே போயிடும். 300 குதிரை வி8-ல அது தெரியாது. 83-ல ஏழெட்டுன்னா பத்துல ஒரு பங்கு. டர்போ, சைலன்சர் வழியா வீணாப் போற சூட்டுலயும் அழுத்தத்துலயும் ஓடறது. முழுக்க இலவசம்னு சொல்ல முடியாது, பேக் பிரஷர் இருக்கு. ஆனாலும் ரொம்பவே மலிவு. ரெண்டும் வேணும்னு ஆசைப்பட்டவங்களும் இருக்காங்க. 1989-ல நிஸான் மார்ச் சூப்பர் டர்போன்னு ஒரு குட்டிக் கார், வெறும் 930 சிசி, சூப்பர்சார்ஜரும் டர்போவும் சேர்த்து 110 பிஎஸ். 2005-ல ஃபோக்ஸ்வேகன் கால்ஃப்ல 1.4 ட்வின்சார்ஜர் வந்தது. கீழ சூப்பர்சார்ஜர், மேல டர்போ. அழகான யோசனை. ஆனா டர்போ டிசைன் முன்னேறினதும், ஒரே டர்போல அந்த வேலை முடிஞ்சதும், அதையும் மூட்டை கட்டிட்டாங்க. பெரிய கம்பெனிகளே செலவு தாங்காம விட்டதை நாம ஒரு ஷெட்ல மாட்டப்போறோமா?

டர்போக்கு இன்னொரு பாயின்ட், நம்ம மலைகளால. ஊட்டி 2240 மீட்டர். அங்க காத்தோட அடர்த்தி ஏறக்குறைய ஐந்துல ஒரு பங்கு குறைஞ்சிருக்கும். உங்க 83 பிஎஸ்ஸும் அதே அளவு குறையும். குன்னூர் ஹேர்பின்ல நாலு பேரோட ஏசி போட்டு ஏறினவங்களுக்கு நான் சொல்லவே தேவையில்லை. பெல்ட்ல ஓடற சூப்பர்சார்ஜரும் அங்க அதே விகிதத்துல இளைக்கும். டர்போ மட்டும் இன்னும் கொஞ்சம் வேகமா சுத்தி அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டும். விமானத்துக்கு அந்தக் காலத்துலயே டர்போ போட்டதும் இதுக்குத்தான்.

இப்போ அந்த நீல சிலிண்டர். நைட்ரஸ் ஆக்ஸைடுல எடைக்கு 36 சதவீதம் ஆக்ஸிஜன், காத்துல 23. சிலிண்டருக்குள்ள சூட்டுல உடைஞ்சு அதை வெளிய விடும். திரவமா வர்றது ஆவியாகும்போது இன்டேக்கும் ஜில்லுனு ஆகும், இன்டர்கூலரே வேண்டாம். மூணுல செட்டப் விலையும் இதுதான் கம்மி. அதனாலதான் ஹாஸ்டல் பட்ஜெட்டுக்கு இது கவர்ச்சியா இருக்கு. 25 குதிரைக்கு ஜெட் போட்டு நாலரை கிலோ சிலிண்டர் வெச்சா மொத்தம் ஐந்தாறு நிமிஷம் வரும். அதுக்கப்புறம் அது டிக்கியில இருக்கற ஒரு டெட் வெயிட்.

நான் சொன்ன தெர்மோடைனமிக்ஸ் இங்கதான். நைட்ரஸ் ஆக்ஸைடோட கிரிட்டிகல் டெம்பரேச்சர் 36.4 டிகிரி. அந்த இடத்துல பிரஷர் 72 பார், அதாவது 1050 பிஎஸ்ஐ. அதுக்கு மேல போனா திரவம், வாயுங்கற வித்தியாசமே இல்லாம போயிடும், பிரஷர் சரசரன்னு ஏறும். குளிர் நாட்டுக்காரங்க சிலிண்டருக்கு ஹீட்டர் போட்டு 900, 1000 பிஎஸ்ஐக்குக் கொண்டுவருவாங்க. ஜெட் எல்லாம் அந்தப் பிரஷருக்கு அளந்ததுதான். நம்ம வேலூர்லயோ திருச்சியிலயோ மே மாசம் நிழல்லயே 40. மூடின காருக்குள்ள கேக்கவே வேண்டாம். பிரஷர் ஏறினா நைட்ரஸ் கூட வரும், கூடவே வர்ற பெட்ரோல் அதே அளவுலதான் வரும். கலவை லீன் ஆகும். லீன் ஆன நைட்ரஸ் என்ஜின்ல பிஸ்டன் உருகறதுக்கு சில செகண்ட் போதும்.

இன்னொண்ணு, ஹேட்ச்பேக் ஓட்டறவங்க இதை யோசிக்கறதே இல்லை. செடான்ல டிக்கி தனி. உங்க ஸ்விஃப்ட்ல டிக்கியும் பின் சீட்டும் ஒரே அறை. சிலிண்டர்ல சேஃப்டி டிஸ்க் இருக்கும், பிரஷர் எல்லை தாண்டினா அது கிழிஞ்சு வாயுவை வெளிய விடும். வெளியன்னா எங்க? தனிக் குழாய் போட்டு வண்டிக்கு வெளிய விடலைன்னா, பின்னாடி உக்காந்திருக்கற உங்க தங்கச்சி மூஞ்சிக்கு. அது மயக்க மருந்துங்க. ஆஸ்பத்திரியில ஆக்ஸிஜனோட கலந்துதான் கொடுக்கறாங்க.

சரி, சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுங்குது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்திச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல 182ஏ சேர்ந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரைக்கும் சிறை, அல்லது ரெண்டும். இதுல கவனிக்க வேண்டிய வார்த்தை, "உரிமையாளர்". ஓட்டினவர் இல்லை, மாத்தின மெக்கானிக்கும் இல்லை. நம்ம வயசுல எத்தனை பேர் ஆர்சி புக்குல நம்ம பேர் இருக்கு? ஈஎம்ஐ கட்டி முடிச்ச மனுஷன், டர்போன்னா என்னன்னே தெரியாதவர், அவர் பேர்லதான் கேஸ் எழுதுவாங்க. இன்ஷூரன்ஸும் அவர் பேர்லதான். சொல்லாம செஞ்ச மாற்றம் க்ளெய்மை மறுக்க ஒரு காரணம். நீங்க யாரையாவது இடிச்சு வெச்சா அந்தக் கோர்ட் நோட்டீஸ் எந்த வீட்டுக்கு வரும்னு யோசிச்சுப் பாருங்க.

"அப்போ ஆசையை என்ன பண்றது?"ன்னு கேக்கறீங்க. நியாயம்தான், எனக்கும் இருக்கு. வேலைக்குப் போய் கையில காசு வந்ததும், டர்போவோட பிறந்த பழைய கார் பாருங்க. 2017-ல வந்த பலேனோ ஆர்எஸ் இருக்கு, 1 லிட்டர் பூஸ்டர்ஜெட். ஃபோக்ஸ்வேகன் போலோ 1.0 டிஎஸ்ஐ, 110 பிஎஸ், 175 நியூட்டன் மீட்டர். இந்தியாவுல 2022-ல நிறுத்திட்டாங்க, அதனால பார்ட்ஸ் கிடைக்குமான்னு விசாரிச்சுட்டு வாங்குங்க. ஆயில் மாத்தின சர்வீஸ் பில்லைக் கட்டாயம் கேளுங்க. ரெண்டு லட்சம் ஆர்பிஎம் வரைக்கும் சுத்தற ஷாஃப்ட் மெல்லிய ஆயில் படலத்து மேலதான் நிக்குது.

கையால மாட்டிப் பார்க்கணும், வெல்டிங் சூடு படணும்ங்கறவங்க ஃபார்முலா பாரத் டீம்ல சேருங்க. கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேல நடக்குது. அங்க டர்போவும் சூப்பர்சார்ஜரும் போடலாம், ஆனா பெட்ரோல் வண்டின்னா காத்து முழுக்க 20 மில்லிமீட்டர் ரெஸ்ட்ரிக்டர் வழியாத்தான் போகணும். அந்தக் குட்டி ஓட்டைக்குப் பின்னாடி எந்த கம்ப்ரெஸர் போட்டா லாபம், போடாமலே விட்டா எடையில எவ்வளவு மிச்சம்ங்கறது இந்தக் கட்டுரையை விட நல்ல சண்டை. என் ஓட்டு, போடாமலே விடறதுக்கு. மறுக்கறவங்க கம்ப்ரெஸர் மேப்போட வாங்க, லேப்ல பேசலாம்.