மெதுவாய் ஓடினால் பரிசு குடுக்கிற ஊரில் ரூர் து பிரான்ஸ் கதை

போன கிழமை நான் போட்ட ஒரு சின்னப் பதிவுக்குக் கீழே நடந்த சண்டையை உங்களில் பலபேர் பார்த்திருப்பீர்கள். "வாற பத்து வருசத்தில ரூர் து பிரான்ஸ் சைக்கிளோட்டத்தை ஆர் வெல்லுவினம்?" என்று ஒரேயொரு கேள்விதான் கேட்டிருந்தன். பாரிசில் இருக்கிற எங்கட ஊர்ப் பெடியள் "பொகாச்சரை விட்டால் ஆள் இல்லை" என்றார்கள். லாச்சப்பலில் கடை வைத்திருக்கிற அண்ணை ஒருவர், பிரெஞ்சுக்காரரின் புது நட்சத்திரம் போல் செய்ஷஸ்தான் என்று சத்தியம் பண்ணாத குறை. 1985 இல் பெர்னார் இனோவுக்குப் பிறகு ஒரு பிரெஞ்சுக்காரனும் வெல்லவில்லை என்கிற கவலை அவருக்கும் தொத்தியிருக்கு.

அதுவரைக்கும் நல்ல முசுப்பாத்தி. பிறகு ஊரில் எல்லாரும் மதிக்கிற ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் வந்து இப்படி எழுதினார்: "ஆர் வெண்டால் எங்களுக்கென்ன தம்பி? எங்கட மண்ணில மலை இல்லை. எங்கட பிள்ளையளுக்கு அந்த உடம்பும் இல்லை. படிக்கிற பிள்ளையளின்ர மனசைக் கெடுக்காதையும்."

அதுக்கு விழுந்த லைக் என்ர பதிவுக்கு விழுந்ததை விடக் கூட. அதால்தான் இந்த நீளமான பதில்.

ஐயா, குறை நினைக்காதையுங்கோ. செய்ஷஸ் வெல்லுவான் என்று லாச்சப்பல் அண்ணை சொன்னது எப்படி ஒரு எதிர்வுகூறலோ, எங்கட பிள்ளையளால் ஏலாது என்று நீங்கள் சொன்னதும் அப்படித்தான். வித்தியாசம் ஒன்றுதான். அண்ணை சொன்னது பிழைத்தால் அவருக்கு ஒரு பிளேன்ரீக் காசு நட்டம். நீங்கள் சொன்னது பிழைத்தால் அது பிழை என்று தெரியவே வராது. ஏனென்றால் ஓட விட்டால்தானே பிள்ளை ஓடுவாளோ இல்லையோ என்று தெரியும்.

இந்த விளையாட்டில் எதிர்வுகூறினவர்களின் லட்சணத்தை முதலில் பார்ப்பம்.

1997 இல் ஜான் உல்ரிச் என்ற ஜெர்மன்காரர் 23 வயதில் ரூரை வென்றார். இனிப் பல வருசத்துக்கு வேற ஆள் இல்லை என்றார்கள். அவர் அதுக்குப் பிறகு ஒரு தடவைகூட வெல்லவில்லை. 2019 இல் கொலம்பியாவின் ஏகன் பெர்னால் 22 வயதில் வென்றார். 110 வருசத்தில் அவ்வளவு இளம் வயதில் ஒருவரும் வென்றதில்லை. அடுத்த பத்து வருசமும் இவர்தான் என்றார்கள். 2022 ஜனவரியில் பயிற்சி ஓட்டத்தில் நின்ற பஸ் ஒன்றின் பின்பக்கத்தில் மோதி முதுகெலும்பு, தொடையெலும்பு, விலா எல்லாம் முறிந்தது. எழும்பித் திரும்பவும் ஓடினார், அதுவே பெரிய விசயம். ஆனால் 2025 வரைக்கும் இரண்டாவது மஞ்சள் மேலாடை கிடைக்கவில்லை.

எதிர்கால வீரர்களைக் கண்டுபிடிக்கவே பிரான்சில் இளம் ஓட்டுநர்களுக்குத் தனியாக ஒரு போட்டி நடக்குது, ரூர் து லவெனிர். எதிர்காலத்தின் ரூர் என்பதுதான் பெயரின் அர்த்தமே. 2017 இல் அதில் வென்றவர் பெர்னால், 2018 இல் வென்றவர் பொகாச்சர். இரண்டு பேரும் இரண்டே வருசத்தில் பெரிய ரூரையும் வென்றார்கள். ஆக, சூத்திரம் பிடிபட்டுவிட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள். 2019 இல் வென்ற நோர்வேக்காரர் தோபியாஸ் பொஸ், நேர ஓட்டத்தில் உலகச் சம்பியன் ஆனார், ரூரின் மஞ்சளுக்குக் கிட்டவும் போகவில்லை. 2021 இல் வென்றவர் 2025 ரூரில் ஆறாவது. 2025 இல் வென்றவர்தான் எங்கட லாச்சப்பல் அண்ணையின் செய்ஷஸ். வெல்லலாம், வெல்லாமலும் விடலாம்.

இப்ப மற்றப் பக்கத்தைப் பாருங்கோ. 2022, 2023 இரண்டு வருசமும் வென்ற ஜோனாஸ் விங்ககோர் டென்மார்க்கில் விடியக்காலையில் மீன் பெட்டி அடுக்கின பெடியன். 2021 இல் அவர் ரூருக்குப் போனதே இன்னொருவருக்குப் பதிலாகத்தான். தலைவர் றொக்லிச் விழுந்து விலகினபடியால் இரண்டாமிடம் வந்தார். அந்த றொக்லிச் யார்? பனியில் சறுக்கிப் பாய்கிற விளையாட்டில் இருந்தவர், இருபது வயது தாண்டித்தான் போட்டிச் சைக்கிளைத் தொட்டவர். 2025 இல் மூன்றாவதாக வந்த புளோரியான் லிபோவிற்ஸ் பனிச்சறுக்கும் துப்பாக்கிச் சூடும் சேர்ந்த பயத்லன் ஆடினவர். இவர்களை யாரும் பத்து வயதில் பார்த்து "இவன் வருவான்" என்று சொல்லவில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கதை பொகாச்சரின் சின்ன வயதுக் கதை. ஸ்லோவேனியாவில் ஒரு சிறுவர் போட்டி. பயிற்சியாளர் ஹாப்மன் கொஞ்சம் பிந்திப் போய்ச் சேர்கிறார். பெரிய பெடியளின் கூட்டத்துக்குப் பின்னால், தனியாக, ஒரு சின்னப் பெடியன் விழுந்தடித்து ஓடி வாறான். ஐயோ பாவம், பின்தங்கிவிட்டான், இவனுக்கு யாராவது உதவுங்கோ என்றிருக்கிறார். பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்களாம்: அவன் பின்தங்கவில்லை, மற்றவர்களை ஒரு முழுச் சுற்று முந்திவிட்டு இப்பத் திரும்பப் பிடிக்க வாறான். இதை ஹாப்மன் தானே சொல்லியிருக்கிறார். ஒரு பயிற்சியாளரின் கண்ணே அப்படிப் பிழைத்தது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளியை வைத்துக்கொண்டு பத்து வயதுப் பிள்ளைக்குச் சாதகம் எழுதுகிற எங்கட கண் எந்த மூலைக்கு?

இனி உங்கட இரண்டு நியாயத்துக்கும் வாறன் ஐயா.

மலை இல்லை என்றீர்கள். டென்மார்க்கின் மிக உயர்ந்த இடம் 171 மீற்றர் அளவுதான். எங்களைப்போல தட்டையான, காத்தடிக்கிற நாடு. அங்கேயிருந்துதான் இந்தக் காலத்தின் மிகச் சிறந்த மலையேற்ற ஓட்டுநர்களில் ஒருவர் வந்தார். மலையைப் பிறகு தேடிப் போகலாம். தட்டை நிலம் பழக்குகிறது காத்தை. பக்கக் காத்து அடித்தால் ஓட்டுநர்கள் ஒருவர் பின்னால் ஒருவர் நேர்கோட்டில் ஓட ஏலாது. றோட்டுக்குக் குறுக்கே சரிவாக விசிறி மாதிரி விரிந்து ஒருவரையொருவர் மறைத்துக்கொண்டு ஓடுவினம். விசிறியில் இடம் கிடைக்காதவர் றோட்டோரத்தில் தனியக் காத்து வாங்கி அறுந்து போவார். மலை வாறதுக்கு முதலே ரூரைத் தோற்றவர்கள் எத்தனையோ பேர் அப்படித் தோற்றவர்கள்தான். சோளகம் அடிக்கிற மாதங்களில் பொன்னாலைப் பாலத்தால் காரைநகருக்குச் சைக்கிள் ஓடிப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அந்தப் பாலம் எங்களுக்குக் கிடைத்த பயிற்சிக்கூடம், கட்டணமும் இல்லை.

உடம்பு இல்லை என்றீர்கள். மலையேறுகிறபோது கணக்குப் பார்க்கிறது மொத்தப் பலத்தை இல்லை, ஒரு கிலோ உடம்புக்கு எவ்வளவு பலம் என்பதைத்தான். விங்ககோரின் எடை 60 கிலோ அளவு. எங்கட வகுப்பில் எலும்பும் தோலுமாய் இருக்கிற பெடியனைக் கண்டால் நாங்கள் "சாப்பிடுறேல்லையோ" என்று கேட்கிறம். அதே பெடியனை அங்கே ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய் அளந்து பார்ப்பினம்.

சரி, அதெல்லாம் ஐரோப்பா, காசுக்காரர் என்பீர்கள். எரித்திரியாவைப் பாருங்கோ. 1961 இலிருந்து 1991 வரை முப்பது வருசம் விடுதலைப் போர் நடந்த நாடு. இத்தாலிக்காரன் கொண்டுவந்து விட்டுட்டுப் போன சைக்கிளை அந்தச் சனம் விடவில்லை. போர் முடிந்தபிறகு, 2001 இல், நாட்டைச் சுற்றுகிற பலநாள் போட்டியைத் திரும்பத் தொடங்கினார்கள். தலைநகர் அஸ்மாராவில் ஞாயிற்றுக்கிழமை றோட்டை மூடிப் போட்டி வைப்பினம், சனம் இரண்டு பக்கமும் நிண்டு பாக்கும். 2015 இல் இரண்டு எரித்திரியர்கள் ரூரில் ஓடினார்கள். 2024 இல் பினியம் கிர்மாய் மூன்று கட்டங்களை வென்று பச்சை மேலாடையோடு வீட்டுக்குப் போனார். ரூரில் ஒரு கட்டத்தை வென்ற முதல் கறுப்பின ஆபிரிக்கர் அவர். அஸ்மாரா 2300 மீற்றர் உயரத்தில் இருக்கு, அது அவர்களுக்கு உதவிதான், ஒத்துக்கொள்ளுறன். ஆனால் உயரமான ஊர் உலகத்தில் எத்தனையோ இருக்கு. அங்கே உயரத்தோட சேர்த்து கிழமைக்குக் கிழமை போட்டியும் இருந்தது. அதுதான் விசயம்.

போர், தடை, சைக்கிள். இந்த மூன்றும் எங்களுக்குத் தெரியாததா? தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில் நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போனது சைக்கிளில். விறகு வந்தது சைக்கிளில். டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்டது சைக்கிளில். அதே காலத்தில் புத்தளத்தில் என்ர வாப்பா துணிமூட்டையைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு நாளொன்றுக்கு நாற்பது கிலோமீற்றர் ஓடி எங்களைப் படிப்பித்தார். 2022 இல் எரிபொருள் வரிசை வந்தபோது திரும்பவும் சைக்கிளைத்தான் தூசு தட்டினோம். இவ்வளவு சைக்கிள் ஓடின சனம் உலகத்தில் குறைவு. ஆனால் நாங்கள் சைக்கிளைக் கஷ்டகாலத்து வாகனமாகத்தான் வைத்திருக்கிறம். காசு வந்தவுடனே பிள்ளையை ஸ்கூட்டியில் ஏற்றிவிடுகிறம்.

இனி உண்மையான வயித்தெரிச்சலைச் சொல்லுறன்.

எங்கட பக்கத்து விளையாட்டு விழாக்களில் பொம்பிளைப் பிள்ளைகளுக்கு என்ன சைக்கிள் போட்டி வைக்கிறம்? மெதுவான சைக்கிளோட்டம். கால் ஊன்றாமல், கோட்டைத் தாண்டாமல், கடைசியாய் வாறவருக்கு முதற்பரிசு. பகிடிக்கு ஒன்று வைத்தால் குற்றமில்லை. ஆனால் நான் அறிந்த ஒரு பாடசாலையில் இருந்த றோட்டுச் சைக்கிளோட்டத்தை "பாதுகாப்பு இல்லை" என்று நிற்பாட்டிப்போட்டு, மெதுவானதை மட்டும் மிச்சம் விட்டார்கள். அங்கே ஒரு பிள்ளை. காரைநகரில் இருந்து பாலத்தால் ஒவ்வொரு நாளும் சைக்கிளில் வாறவள், எதிர்க்காத்திலும் பிந்தாதவள். மெதுவான ஓட்டத்தில் நின்றாள். விசில் ஊதின உடனே அவளின் கால் பழக்கத்தில் மிதித்துவிட்டது. எல்லாருக்கும் முன்னால் கோட்டைத் தாண்டினாள். கடைசி இடம். சனம் சிரித்தது. ஒலிவாங்கியில் நின்றவர் "தங்கச்சிக்கு மெதுவாய் ஓடத் தெரியாது" என்றார். பிள்ளையும் சிரித்தாள். அடுத்த வருசம் பெயர் குடுக்கவில்லை.

2024 இல் பெண்களின் ரூரை காஷா நியவியடோமா எட்டுக் கட்ட ஓட்டத்துக்குப் பிறகு வெறும் 4 செக்கனில் வென்றார். 4 செக்கனுக்காக ஒருத்தி உயிரைக் குடுத்து மிதிக்கிற காலத்தில் நாங்கள் எங்கட பிள்ளைக்கு, வேகமாய் ஓடினால் சிரிப்பார்கள் என்று படிப்பித்திருக்கிறம்.

நாளைக்கே வட்டுக்கோட்டையில் இருந்து ரூருக்கு ஒருவர் போவார் என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல போட்டிச் சைக்கிள் என்ன விலை என்று எனக்கும் தெரியும். நாட்டின் முன்னணி ஓட்டுநர்கள் பலர் முப்படைகளின் அணிகளில் இருக்கக் காரணமும் தெரியும்: சைக்கிளும் சம்பளமும் பயிற்சிக்கு நேரமும் அங்கேதான் இருக்கு. ஏணியின் மேல்படியை எங்களால் கட்ட ஏலாது. கீழ்ப்படியைக் கட்டலாம்.

பாதுகாப்புப் பயம் நியாயமான பயம். ரிப்பரும் மினிபஸ்ஸும் ஓடுகிற ஓட்டத்தை நானும் பார்க்கிறன். அதுக்கு மருந்து போட்டியை நிற்பாட்டுவதில்லை, அந்த நேரம் வாகனத்தை நிற்பாட்டுவது. அதாலே இதுதான் என்ர திட்டம். ஐந்து சனிக்கிழமை, காலை 6 மணி தொடக்கம் 7.30 வரை. ஞாயிறு வேண்டாம், அறநெறி வகுப்பும் தேவாலயமும் இருக்கு. 7.30க்கு முடித்தால் ரியூசனுக்கும் போகலாம். சித்தன்கேணியில் தொடங்கி மூளை, பொன்னாலை தாண்டிப் பாலத்தின் மற்றக் கரையில் திரும்பி வாறது. வீட்டில் இருக்கிற சாதாரணச் சைக்கிள் போதும், லுமாலா என்றால் லுமாலா. ஹெல்மெற் இல்லாமல் ஒருவரும் இல்லை. பெடியளுக்கும் பெட்டையளுக்கும் ஒரே தூரம். ஐந்து கிழமை நேரத்தையும் கூட்டிக் குறைந்த நேரம் எடுத்தவருக்கு மஞ்சள் ரீசேட். பொலிசுக்கும் பிரதேச சபைக்கும் கடிதம் எழுதுற வேலை என்னோட.

ஆர் வருவினம் என்று எதிர்வுகூற எனக்கு ஆசையில்லை. ஐந்தாவது சனிக்கிழமை ஒரு கடுதாசியில் நேரம் எழுதியிருக்கும். அதைப் பார்த்துக் கதைப்பம். ஐயா, நீங்கள்தான் நேரம் எடுக்க வேணும். உங்கட மணிக்கூடு பிழைக்காது என்று ஊருக்கே தெரியும்.

சந்திகளில் கொடி பிடித்து நிற்கப் பன்னிரண்டு பேர் வேணும். லைக் வேண்டாம். பெயரைக் கீழே போடுங்கோ. இன்ஷா அல்லாஹ், அந்தப் பிள்ளையின்ர வீட்டுக்கு நான் நாளைக்கே போய்க் கதைக்கிறன்.