4:36 என்றொரு புனைவு

இலக்கியம் பேசும் இடத்தில் ஓட்டப் பயிற்சிக்கு என்ன வேலை என்று நண்பர்கள் புருவம் உயர்த்தக்கூடும். உயர்த்தட்டும். எழுத்தில் ஏறிய பொய்யைத் தோலுரிப்பதையே தொழிலாகக் கொண்ட நாம், எண்ணில் ஏறிய பொய்யைக் கண்டும் காணாமல் கடந்துபோவதற்கு யாதொரு நியாயமும் இல்லை.

நம்மிடம் இளங்கலைத் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் இரண்டாம் நிலைக் காவலர் பணிக்கு விண்ணப்பித்தார். எழுத்துத் தேர்வில் தேறினார். அடுத்தது உடல்தகுதித் தேர்வு. ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடங்களுக்குள் ஓடி முடிக்கவேண்டும். தவறினால் அத்துடன் வீடு திரும்பவேண்டியதுதான். கல்யாணப் பந்திகளில் பரிமாறிச் சேர்த்த காசில் ஒரு கைப்பட்டை வாங்கிக் கட்டிக்கொண்டார். அடி எண்ணும், இதயம் எண்ணும், உறக்கத்தையும் எண்ணும் என்று விளம்பரம் செய்வார்களே, அந்த வகை. ஊருக்கு வெளியே ஏரிக்கரைச் சாலையில் விடியுமுன் ஓட்டம். பட்டை 1.50 கிலோமீட்டர் காட்டும்போது 6 நிமிடம் 54 விநாடி. கிலோமீட்டருக்கு 4:36 என்று பளிச்சென்று ஒளிரும். "ஆறு விநாடி கையிருப்பு இருக்குங்கய்யா" என்று நம்மிடம் காட்டி மகிழ்ந்தார். நாமும் மகிழ்ந்தோம், அறியாமையால்.

தேர்வு நாளில் 7 நிமிடம் 16 விநாடி.

தோற்றது கூட நம்மை அவ்வளவாக உறுத்தவில்லை. "அன்னைக்கு உடம்பு ஏதோ சரியில்லைங்கய்யா, இல்லேன்னா பேண்ட்ல வர்ற டைம் வந்திருக்கும்" என்றாரே, அதுதான் உறுத்தியது. கருவி பிழைத்திருக்கலாம் என்ற எண்ணமே அவருக்கு எழவில்லை. தம் கால்களைச் சந்தேகித்தார், நுரையீரலைச் சந்தேகித்தார், முந்தைய இரவு உண்ட பரோட்டாவையும் சந்தேகித்தார். மணிக்கட்டில் இருந்ததை மட்டும் சந்தேகிக்கவில்லை.

மறுவாரம் அவரை அளந்து கோடு போட்ட 400 மீட்டர் தடத்துக்கு அழைத்துச் சென்றோம். உள்வட்டத்தில் மூன்றேமுக்கால் சுற்று, அதாவது சரியாக 1500 மீட்டர். ஓடி முடித்துக் கையை நீட்டினார். பட்டை 1.58 என்றது. கால்கள் கடக்காத 80 மீட்டரைக் கருவி கடந்திருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தோம். 4:36 என்று அது காட்டிய வேகம் உண்மையில் 4:51. அந்த வேகத்தில் 1500 மீட்டருக்கு ஆகும் நேரம் ஏறத்தாழ 7 நிமிடம் 16 விநாடி. ஆக, தேர்வு நாளில் அவர் உடம்பு சரியாகத்தான் இருந்திருக்கிறது. பயிற்சியில் ஓடிய அதே ஓட்டத்தைத்தான் அங்கும் ஓடியிருக்கிறார்.

இந்தப் பிழை எங்கிருந்து வருகிறது? இத்தகைய மலிவான பட்டைகள் பலவற்றில் செயற்கைக்கோளைக் கேட்கும் பகுதியே கிடையாது. உள்ளே இருக்கும் முடுக்கமானி கையின் அசைவைக்கொண்டு அடிகளை எண்ணுகிறது. நாம் பதிந்த உயரத்தைக்கொண்டு ஓர் அடியின் நீளத்தை ஊகிக்கிறது. இரண்டையும் பெருக்கித் தூரம் என்று நம் முன் வைக்கிறது. நெட்டையான எல்லாரும் ஒரே நீளத்தில் எட்டு வைப்பார்கள் என்பது எந்த ஊர் நியாயம்? மூச்சு வாங்கும் கடைசிச் சுற்றில் எட்டு குறுகும், ஆனால் எண்ணிக்கை குறைவதில்லை. நம்மவர் தளர்ந்த இடத்தில்தான் கருவி அவரைத் தட்டிக்கொடுத்திருக்கிறது.

விலையுயர்ந்த ஜி.பி.எஸ். கருவி வைத்திருப்போர் இங்கே புன்னகைக்க வேண்டாம். ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் மெல்லிய அலையைக் கேட்டுத்தான் அதுவும் இடத்தைக் கணிக்கிறது. திறந்த வானத்தின் கீழ் ஒரு திறன்பேசி நம் இருப்பிடத்தைப் பொதுவாக ஐந்து மீட்டர் வட்டத்துக்குள் சொல்லும். மரங்களும் மாடிக்கட்டடங்களும் சூழ்ந்தால் அதுவும் இல்லை. 7 நிமிடத்தில் 1500 மீட்டர் ஓடுபவர் ஒரு விநாடியில் கடப்பதோ மூன்றரை மீட்டர் சொச்சம். பிழையே ஓரடியைவிடப் பெரிதாக இருக்கையில் கணத்துக்குக் கணம் வேகம் சொல்வது எப்படி? ஆகவே முந்தைய சில விநாடிகளைச் சேர்த்துச் சராசரியிட்டு, அதையே இக்கணத்து வேகமாகக் காட்டுகிறார்கள். அதோடு, பீட்டர் ரனாகர் முதலானோர் 2016-இல் வெளியிட்ட ஆய்வு, ஜி.பி.எஸ். புள்ளிகளை இணைத்து அளக்கும் தூரம் சராசரியாக உள்ளதைவிடக் கூடுதலாகவே வரும் என்று கணிதவழி நிறுவியது. நேர்க்கோட்டில் போனவனைத் தள்ளாடிப் போனதாகப் பதிவுசெய்தால் தூரம் கூடத்தானே செய்யும்?

"குத்துமதிப்புக்குத்தானே சார் கட்டிக்கொள்கிறோம், இதற்குப் போய் இவ்வளவு ஆவேசமா?" என்றார் உடன் பணியாற்றும் நண்பர். நம் சண்டையே அங்கேதான் தொடங்குகிறது. குத்துமதிப்பு என்றால் குத்துமதிப்பாகவே சொல்லட்டும். "நாலரைக்கும் ஐந்துக்கும் இடையில்" என்று காட்டட்டும். விநாடி சுத்தமாக 4:36 என்று ஒளிரவிட்டு, 'அளவீடுகள் மாறுபடலாம்' என்பதைப் பூதக்கண்ணாடி தேடவைக்கும் எழுத்தில் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒளித்துவைப்பதற்குப் பெயர் குத்துமதிப்பு அன்று, பம்மாத்து. நுணுக்கமாகச் சொல்வது வேறு, சரியாகச் சொல்வது வேறு. முதலாவதைக் காட்டி இரண்டாவதை நம்பவைக்கும் தந்திரம் இது.

நம் முன்னோர் தூரத்தைக் கூப்பிடு தூரம் என்றார்கள். கூப்பிடுபவன் குரல் எத்தகையது, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதையெல்லாம் பொறுத்து அது மாறும். மாறும் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது, கேட்டவன் ஏமாறவில்லை. பழமையைப் போற்றிப் பஜனை பாட நாம் வரவில்லை. தன் தெளிவின்மையைத் தானே அறிவிக்கும் அளவையிடம் இருக்கும் நாணயம் இந்த மின்னும் எண்ணிடம் இல்லை என்கிறோம், அவ்வளவே.

பதிப்பு வரலாறு அறிந்தோர்க்கு இன்னொன்றை நினைவூட்டலாம். 1894-இல் புறநானூற்றை அச்சேற்றிய உ.வே.சா., சுவடிகள் முரண்பட்ட இடங்களில் பிரதிபேதம் காட்டினார். செல்லரித்த இடங்களைப் புள்ளியிட்டு விட்டார். அந்தப் பள்ளங்களைத் தம் புலமையால் நிரப்பி வழவழப்பான ஒரு நூலைத் தந்திருக்க அவரால் முடியாதா? தெரியாததைத் தெரியாதது என்று அச்சிட்டதனால்தான் இன்றும் அந்தப் பதிப்பை நம்பிக் கைவைக்கிறோம். கைப்பட்டைக்காரர்கள் செய்வது இதற்கு நேர்மாறு. புள்ளியிட வேண்டிய இடத்திலெல்லாம் இட்டுக்கட்டிய சீர்.

ஓட்ட உலகிலேயே இந்த நாணயத்துக்கு எடுத்துக்காட்டு உண்டு. 42.195 கிலோமீட்டர் மாரத்தான் பாதையை இன்றும் மிதிவண்டியில்தான் அளக்கிறார்கள். முன்சக்கரத்தில் ஒரு சுழற்சி எண்ணி. 1971-இல் அமெரிக்காவில் ஆலன் ஜோன்ஸ் வடிவமைத்தது என்பதால் ஜோன்ஸ் கவுன்டர் என்று பெயர். எஃகு நாடாவால் அளந்த ஒரு நேர்ப்பாதையில் அந்த மிதிவண்டியை முதலில் ஓட்டிச் சக்கரத்தின் கணக்கைச் சரிபார்க்கிறார்கள். பாதையை அளந்து முடித்ததும் மீண்டும் அதே நேர்ப்பாதையில் சரிபார்க்கிறார்கள், வெயிலேறினால் டயரின் காற்று விரிந்து கணக்கு மாறும் என்பதற்காக. அதற்கும் மேலே, தங்கள் அளவில் பிழை இருக்கக்கூடும் என்று ஒப்புக்கொண்டு ஆயிரத்தில் ஒரு பங்கை, அதாவது 42 மீட்டரை, கூடுதலாகச் சேர்த்துப் பாதை வகுக்கிறார்கள். இத்தனை பாடுபட்டு வகுத்த பாதையில் ஓடிவிட்டு, 'என் வாட்ச் 42.7 காட்டுகிறது, பாதையை அளந்தவன் தப்பு' என்று சண்டைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்! மீட்டருக்கு மீட்டர் கணக்குக் காட்டும் மனிதனை நம்பாமல், கணக்கே காட்டாத கருவியை நம்புகிற இந்த மனநிலைதான் நம் மாணவரையும் கவிழ்த்தது.

அந்தப் பட்டையை எறிந்துவிடு என்று அவரிடம் நாம் சொல்லவில்லை. உழைத்துச் சேர்த்த காசு. ஓடும்போது மட்டும் கழற்றிவைத்துவிடச் சொன்னோம். அடுத்த அறிவிப்பு வரும்வரை வயது வரம்பில் அவருக்கு இடமிருக்கிறது. காலை ஐந்தரைக்குத் தடத்துக்கு வந்துவிடுகிறார். விளையாட்டுத் துறையில் இரவல் வாங்கிய ஸ்டாப் வாட்சுடன் நாமும் ஓரத்தில் நிற்கிறோம். ஒவ்வொரு சுற்றுக்கும் நேரத்தைக் கத்திச் சொல்கிறோம். முதல் சுற்றில் அவசரப்பட்டு மூன்றாவதில் தேய்வதுதான் அவருடைய குறை என்று இப்போதுதான் தெரிந்தது. நேற்று 7 நிமிடம் 4 விநாடி.