2147483647

பரந்தனில் ஒருவர் தம் வளவிற் பன்னிரண்டு தென்னங்கன்றுகளை நடுவதாயின், நிரைக்கு நான்காக மூன்று நிரையில் நடலாம். நிரைக்கு ஆறாக இரண்டு நிரையிலும் நடலாம். கன்றுகள் பதின்மூன்றாயின், ஒரே நிரையில் நடுவதன்றி வேறு வழியில்லை. ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் இத்தகைய எண்ணை நம் பாடநூல்கள் முதன்மை எண் என்கின்றன. தமிழகத்தார் பகா எண் என்பர்.

இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட முதன்மை எண் 2147483647. முப்பத்தொரு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, ஒன்றைக் கழித்தால் இது பிறக்கும்.

பிறப்பு எளிது, இதற்குக் காரணி இல்லையென நிறுவுதலே அரிது. 46340 வரையுள்ள முதன்மை எண்களால் வகுத்துப் பார்த்தாற் போதும். அதற்கு மேல் ஒரு காரணி இருப்பின், அதன் இணைக்காரணி அதற்குக் கீழே இருந்தே தீரும். ஆயினும் அவையே நாலாயிரத்துக்கு மேற்பட்டவை. 1772இல் ஒயிலர் என்னும் பேரறிஞர் இதற்கொரு குறுக்குவழி கண்டார். இவ்வெண்ணின் முதன்மைக் காரணி எதுவாயினும், அதனை 248ஆல் வகுக்க 1 அல்லது 63 மீதி வரவேண்டும். அத்தகையவை நூற்றுக்கும் குறைவு. அவற்றுள் ஒன்றேனும் வகுக்கவில்லை. அப்போது அவர் கண்ணொளியை ஏறத்தாழ முற்றாக இழந்திருந்தார்!

இவ்வெண்ணிலிருந்து, தன்னையொழிந்த தன் காரணிகளின் கூட்டுத்தொகைக்குத் தானே சமமாகும் நிறைவெண் ஒன்று பிறக்கிறது; 6 = 1 + 2 + 3 என்பது போல. 1811இல் பீற்றர் பார்லோ என்பவர், அந்நிறைவெண்ணினும் பெரியதை எவரும் காணப்போவதில்லை என்றும், இவை விநோதமேயன்றிப் பயனுடையன அல்ல என்றும் எழுதினார். இரண்டு கூற்றும் பொய்த்தன. 1876இல் லூக்கா 39 இலக்க முதன்மை எண்ணொன்றைக் கண்டார். 2024 ஒக்டோபரில், கணினிகளின் துணையால், 41,024,320 இலக்கமுடைய முதன்மை எண் அறிவிக்கப்பட்டது.

பயன் யாதெனின், இரு பெரிய முதன்மை எண்களைப் பெருக்குதல் எளிது. பெருக்கத்தை மட்டும் கண்டு அவற்றைப் பிரித்தல் மிக அரிது. இவ்வருமையையே பூட்டாகக் கொண்ட முறைகள் இன்று இணையத்தில் இரகசியச் செய்திகளைக் காக்கின்றன.

நமது எண்ணுக்கு வேறொரு சிறப்பும் உண்டு. பழைய கணினி முறைகள் பல, 1970இன் தொடக்கத்திலிருந்து வினாடிகளை எண்ணி வருகின்றன. அவை தாங்கும் உச்ச எண் இதுவே. திருத்தப்படாத கருவிகளில், இலங்கை நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடிக்கு அவ்வெண்ணிக்கை நிரம்பிவிடும்.

பொருளாதாரத் தடை நிலவிய 1990களில், வன்னிப் பிள்ளைகள் ஜாம் போத்தலிற் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரியிட்ட விளக்கொளியிற் படித்ததை நம் குடும்பங்கள் அறியும். அத்தகைய ஒளியிலும் வளரக்கூடியது கணிதம். தாளும் பென்சிலும் பொறுமையும் அதற்குப் போதும்.

மாணவர்க்கு ஒரு வினா: பதினொரு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 2047. இது முதன்மை எண்ணா? 45 வரையுள்ள பதினான்கு முதன்மை எண்களால் வகுத்துப் பாருங்கள். விடையை அடுத்த வாரம் தருவோம்.