பன்னீர் ரோஜாவில் கவாத்துக்குத் தயக்கம் ஏன்?

பன்னீர் ரோஜா நாலைந்து ஆண்டில் பூ சிறுத்துவிடும், பிறகு பிடுங்கிப் போட வேண்டியதுதான் என்ற எண்ணம் சிறு உழவர்கள் பலரிடம் உள்ளது. இது சரியன்று. பூ குறைவதற்குப் பல தோட்டங்களில் செடியின் வயது காரணமல்ல. கத்தரி படாததே காரணம்.

ரோஜா புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். பழைய குச்சிகள் அடர்ந்து நின்றால் இடுகிற எரு வீணாவதோடு, காற்றோட்டமின்றிக் கரும்புள்ளி நோய் கண்டு இலைகளும் கொட்டும்.

இதை உழவர்கள் அறியாதவர்கள் அல்லர். கவாத்து செய்த செடி மறுபடி பூக்க ஏறத்தாழ 45 நாட்கள் ஆகும். அன்றாடம் கூடையில் போகும் பூவை நம்பியுள்ள குடும்பத்துக்கு ஒன்றரை மாத வரும்படி நிற்பது சிறிய காரியமல்ல. சிபாரிசு சொல்பவர்கள் இதை எண்ணிப் பார்ப்பது குறைவு.

ஆகவே 20 சென்ட் ரோஜா உள்ளவர் முழுவதையும் ஒரே சமயத்தில் வெட்ட வேண்டாம். அக்டோபர் தொடக்கத்தில் 10 சென்டை வெட்டி, அது பூக்கத் தொடங்கியதும் மறுபாதியை வெட்டலாம். முதற்பாதி கார்த்திகை முகூர்த்தங்களுக்கு உதவும். மற்றது பொங்கலை ஒட்டிப் பூக்கும். அடைமழையில் மட்டும் கத்தரியை எடுக்கலாகாது. மழை வெறித்த நாளாகப் பார்த்துச் செய்ய வேண்டும்.

காய்ந்த, மெலிந்த, ஒன்றோடொன்று உரசும் குச்சிகளை அடியோடு நீக்குக. மற்றவற்றைப் பாதி நீளத்துக்கு, வெளிப்புறம் பார்த்த மொட்டுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுக. அரிவாளால் கொத்தினால் தண்டு பிளந்து நுனிக்கருகல் நோய் இறங்கும். வெட்டுவாயில் அன்றே போர்டோ பசை தடவுதல் அவசியம். மயில்துத்தம் 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம் இரண்டையும் அரை லிட்டர் தண்ணீரில் தனித்தனியே கரைத்துக் கலக்கினால் பசை தயார். இரும்புப் பாத்திரம் உதவாது.

பிறகு செடிக்கு 10 கிலோ தொழு உரமும், தழைச்சத்து 6 கிராம், மணிச்சத்து 12 கிராம், சாம்பல்சத்து 12 கிராமும் இட்டு நீர் பாய்ச்சுக. ஜூலையில் இதே அளவை மறுபடி இட வேண்டும்.

பூவை வெயில் ஏறுமுன் பறித்துவிட வேண்டும். மணத்தை எந்த மண்டித் தராசும் நிறுப்பதில்லைதான். ஆனால் பன்னீர் ரோஜாவை வாங்குவோர் முதலில் முகர்ந்துதான் பார்க்கிறார்கள்.

வெட்டிய குச்சிகளில் நோயுள்ளவற்றை எரித்துவிடலாம். பென்சில் பருமனுள்ள நல்ல குச்சிகளை நான்கு கணு விட்டு நறுக்கி நிழலில் ஊன்றினால் வேர் பிடிக்கும். தோட்டத்தில் செடி பட்டுப்போன இடங்களை நிரப்ப நாற்றுக்குத் தனிச் செலவு இல்லை.